மனிதரை அளக்குமுன் ட்ரோனை அளந்துவிடுங்கள்: வேலூர் வெயிலில் குட்டி ட்ரோன் ஆய்வு

மனிதரும் இயந்திரமும் சேர்ந்து வேலை செய்வதை ஆராய ட்ரோன் வாங்கும் லேப்களில், மனிதர் பக்கம் கவனமாகத் தயாராகிறது. கேள்வித்தாள், ஒப்புதல் படிவம், புள்ளியியல் எல்லாம் பக்காவாக இருக்கும். ட்ரோன் பக்கம் மட்டும் ‘பறக்கிறது, போதும்’ என்று விட்டுவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு வந்தவருக்குப் புது பேட்டரியோடு சட்டென்று கேட்ட ட்ரோன், மதியம் இரண்டரைக்கு வந்தவருக்கு அரை விநாடி தாமதமாகத் திரும்புகிறது. இருவரும் இயந்திரத்துக்குத் தந்த நம்பிக்கை மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், நமக்குக் கிடைப்பது பேட்டரியின் வயதும் வை-ஃபை நெரிசலும்தான். ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் ட்ரோன் ஒரே மாதிரி நடந்துகொள்ள வைப்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி வேலை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதைச் செய்பவர்களுக்காக இந்தப் பதிவு.

எந்த ட்ரோன்

ஆள் நிற்கும் அறைக்குள் பறக்க வேண்டும் என்பதால் எடை குறைவாக இருப்பது முக்கியம். ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது கிரேஸிஃப்ளை 2.1. எடை 27 கிராம், பேட்டரி 250 மில்லி ஆம்பியர்-மணி, பறக்கும் நேரம் சுமார் 7 நிமிடம், சார்ஜ் ஏற 40 நிமிடம். மேலே 15 கிராம் வரை ஏற்றலாம். மென்பொருள் முழுக்கத் திறந்த மூலம் என்பதால் மோட்டார்களை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுழற்சிக்குள்ளேயே கை வைக்கலாம். அடுத்தது டெல்லோ. 80 கிராம், 13 நிமிடம், கேமராவும் உண்டு, பைத்தானில் பத்து வரியில் பறக்கவிடலாம். ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. இயந்திரத்தின் தன்னாட்சி அளவையே, அதாவது அது எவ்வளவு தானாக முடிவெடுக்கிறது என்பதையே, மாற்றி மாற்றிச் சோதிக்கும் ஆய்வு என்றால் கிரேஸிஃப்ளைதான் சரி. கேமரா படம் பார்த்து மனிதர் முடிவெடுக்கும் ஆய்வு என்றால் டெல்லோ போதும்.

வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிவந்த மத்திய அரசின் அறிவிக்கை முழு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. பிரித்த நிலையில் தொகுப்பாக வருவதும் அதில் அடக்கம். ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு, ஆனால் கல்வி நிறுவனத்தின் பெயரில் அனுமதி வாங்க வேண்டும். மாணவர் தன் பெயரில் ஆர்டர் போட்டால் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும். உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் பலரும் ஈஎஸ்பி32 சிப்பில் ஓடும் ஈஎஸ்பி-ட்ரோனைத் தாங்களே கட்டுகிறார்கள். கிரேஸிஃப்ளையின் மென்பொருளிலிருந்து வளர்ந்ததுதான் அது. மோட்டார், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட், பேட்டரி எல்லாம் காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஈஎஸ்பி-ட்ரோன் வை-ஃபையில் பேசுகிறது, அதன் தாமதம் நிலையாக இருக்காது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழ், தனி அடையாள எண் ஆகியவற்றிலிருந்தும் விலக்கு கிடைக்கிறது. ஆனால் அது முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில், சொந்த வளாகத்துக்குள் அல்லது தன் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியில் மட்டும். வெளியே பறக்கும் எண்ணம் இருந்தால் அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையில் அன்றைய வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதை நினைவில் வையுங்கள். கோட்டைப் பக்கமும் தொரப்பாடி மத்தியச் சிறைப் பக்கமும் போகவே வேண்டாம். எப்படியும் 27 கிராம் ட்ரோன் வெளிக்காற்றில் நிற்காது. இனி சொல்வதெல்லாம் அறைக்குள் நடப்பது.

அறை

நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். நைலான் வலையை மேலிருந்து தொங்கவிட்டு, தரையில் ஒரு சாண் கூடுதலாகப் புரளும்படி விடுங்கள். இழுத்துக் கட்டிய வலையில் மோதினால் ட்ரோன் எகிறித் திரும்பி வரும், தளர்ந்த வலை அதைப் பிடித்துக்கொள்ளும். கொசுவலை வேண்டாம். அதன் நூல் மோட்டார் தண்டில் சுற்றிக்கொண்டால் மோட்டாரே போய்விடும். ட்ரோன் செல்லும் புள்ளிகள் வலையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

சீலிங் ஃபேனை அணைத்தாக வேண்டும். வேகம் ஒன்றில் வைத்தாலும் 27 கிராம் ட்ரோன் கீழ்நோக்கித் தள்ளப்படும். கட்டுப்பாடு அதைச் சமாளிக்க மோட்டாரை ஏற்றும், பேட்டரி சீக்கிரம் தீரும். ஃபேன் இல்லாமல் மே மாதத்தில் மனிதரை உட்காரவைத்தால் அவருடைய எரிச்சலும் களைப்பும் கேள்வித்தாளில் ஏறும். ஏசி உள்ள அறைதான் தீர்வு. அதன் காற்று நேரே பறக்கும் பகுதியில் விழாதபடி மடலை மேல்நோக்கித் திருப்பிவையுங்கள். அறை வெப்பநிலையை ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கணக்கும் உண்டு. கடல் மட்டத்தில் 15 டிகிரியில் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ. வேலூர் 200 மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில் இருக்கிறது. இங்கே 40 டிகிரியில் அடர்த்தி 1.10 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது 10 சதவீதம் குறைவு. அதே சுழல்வேகத்தில் தூக்குவிசையும் அதே அளவு குறையும். மொத்தம் 42 கிராம் தூக்கும் ட்ரோன் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பில் 38 கிராமுக்கே திணறும். சென்சார், விளக்கு, அடையாள அட்டை என்று சேர்த்துக்கொண்டே போனவர்கள் ஏப்ரலில் ‘நேற்றுவரை பறந்ததே’ என்று தேடுவது இதைத்தான்.

தரை விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃப்ளோ டெக் என்ற சென்சார் பலகையை அடியில் போட்ட கிரேஸிஃப்ளை, கீழே தெரியும் தரையின் நகர்வைப் பார்த்துத் தன் நகர்வைக் கணிக்கிறது. கல்லூரிகளில் இப்போது போடுவது பளபளப்பான வெள்ளை டைல்ஸ். அதில் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இல்லை, டியூப்லைட்டின் பிரதிபலிப்பு வேறு நகரும். ட்ரோன் மெதுவாக ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும். உடனே கையில் கிடைக்கும் கோடு போட்ட ஜமுக்காளத்தை விரிப்பார்கள். அதிலும் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். கோட்டுக்குக் குறுக்கே நகர்ந்தால் சென்சாருக்குத் தெரியும், கோட்டின் திசையிலேயே நகர்ந்தால் படம் மாறாது, நின்ற இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். ஒழுங்கில்லாத அச்சுதான் வேண்டும். பழைய செய்தித்தாளைக் கோணல்மாணலாக அட்டையில் ஒட்டி, ஓரங்களை டேப் போட்டு அழுத்திவிட்டால் அருமையாக வேலை செய்யும். டேப் போடாவிட்டால் ட்ரோனின் காற்றிலேயே தாள் எழும்பிவிடும்.

உயரம் அளப்பது அகச்சிவப்பு லேசர். இருட்டில் 4 மீட்டர் வரை எட்டும், நேர் வெயிலில் அந்த எல்லை வெகுவாகச் சுருங்கும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். அறையில் பொருத்திய நிலையங்களின் அகச்சிவப்புக் கதிரை வைத்து ட்ரோனின் இடத்தைக் கணிக்கும் லைட்ஹவுஸ் முறைக்காரர்களுக்கும் இதே திரை தேவை. கண்ணாடிக் கதவு, பீரோ ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் கதிர் இல்லாத இடத்தைக் காட்டிவிடும்.

தாமதம்

பொத்தானை அழுத்தியதிலிருந்து ட்ரோன் அசைவதுவரை எவ்வளவு நேரம்? இந்த எண் தெரியாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது. அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஃபோன் போதும். விரலும் விசைப்பலகையும் ட்ரோனும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வைத்துப் பதிவு செய்யுங்கள். விசை அடியைத் தொடும் பிரேமிலிருந்து ட்ரோன் சாயத் தொடங்கும் பிரேம் வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் 4.17 மில்லி விநாடி. இருபது முறை எடுத்து நடு மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் எழுதிவையுங்கள். சராசரி மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் அவ்வப்போது வரும் பெரிய தாமதம்தான் மனிதரின் மனதில் நிற்கும். கேமரா தாமதத்துக்கு, லேப்டாப் திரையில் மில்லி விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு ட்ரோன் கேமராவை அதை நோக்கித் திருப்புங்கள். அசல் கடிகாரமும் ட்ரோன் காட்டும் கடிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்போது ஒரு ஃபோட்டோ எடுத்தால், இரண்டு எண்களின் வித்தியாசமே விடை.

தாமதம் கூடினால் மனிதர் உத்தியையே மாற்றிக்கொள்கிறார். சிறிது நகர்த்துவார், என்ன ஆயிற்று என்று காத்திருப்பார், மறுபடி நகர்த்துவார். 1960-களிலேயே ஷெரிடன், ஃபெரெல் என்ற ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரக் கைகளில் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். உங்கள் பங்கேற்பாளர் நகர்த்திக் காத்திருந்தால் அதை ‘இயந்திரத்தை நம்பாத தயக்கம்’ என்று பதிவு செய்துவிடாதீர்கள்.

ஏறி இறங்கும் தாமதத்தைவிட நிலையான தாமதம் எவ்வளவோ மேல். வை-ஃபையில் 40 முதல் 120 மில்லி விநாடி வரை ஆடுகிறது என்றால், ஒவ்வொரு கட்டளைக்கும் நேரமுத்திரை போட்டு, எல்லாவற்றையும் சரியாக 150-இல் நிறைவேற்றும்படி நிரல் எழுதுங்கள். மெதுவாகத் தெரியும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மெதுவு.

கிரேஸிஃப்ளையின் ரேடியோவில் சேனல் எண்ணோடு 2400 கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் வரும். வை-ஃபையின் 1, 6, 11 சேனல்கள் 2412, 2437, 2462-ஐ மையமாக வைத்து இரு பக்கமும் 10 மெகாஹெர்ட்ஸ் பரவும். ஹாஸ்டல் பக்கத்து லேப்பில் இந்த மூன்றும் மாலையில் நிரம்பி வழியும். சேனல் 80, அதாவது 2480, அதற்கு வெளியே இருக்கிறது. வாங்கும்போது எல்லா கிரேஸிஃப்ளைக்கும் ஒரே ரேடியோ முகவரிதான் இருக்கும், ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

கம்ப்யூட்டரில் செருகிய ஒரே ரேடியோவில் மூன்று ட்ரோனை இணைத்தால் ரேடியோ ஒவ்வொன்றாகச் சுற்றிவருகிறது, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது, தாமதம் கூடுகிறது. ‘ஒரு ட்ரோனை ஓட்டும்போதும் மூன்றை ஓட்டும்போதும் மனச்சுமை எப்படி மாறுகிறது’ என்ற ஆய்வில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கையோடு தாமதமும் சேர்ந்து மாறிவிட்டதால் எது காரணம் என்று பிறகு பிரிக்கவே முடியாது. ஒரு ட்ரோனை மட்டும் ஓட்டும் சுற்றிலும் மற்ற இரண்டை இயக்கி, இணைத்து, தரையில் வைத்திருங்கள். அவற்றுக்கும் அதே வேகத்தில் செய்தி போகட்டும்.

ட்ரோன் தானாகச் செய்வதும் மனிதர் புரிந்துகொள்வதும்

கிரேஸிஃப்ளைக்குக் கட்டளை நின்று 500 மில்லி விநாடி ஆனால் அது தன்னைச் சமநிலைக்குக் கொண்டுவரும், 2 விநாடி ஆனால் மோட்டாரை நிறுத்திவிடும். டெல்லோ 15 விநாடி எந்தக் கட்டளையும் வராவிட்டால் தானே இறங்கும். பாதுகாப்புக்காக வைத்தவைதான், தேவையும்கூட. ஆனால் பங்கேற்பாளர் யோசித்துக்கொண்டு 15 விநாடி சும்மா இருந்தால் டெல்லோ தரையிறங்கும். அவர் ‘இது தானாக முடிவெடுக்கிறது’ என்று எழுதுவார். பின்னணியில் ஓயாமல் செய்தி அனுப்பும் இழை (த்ரெட்) ஒன்று நிரலில் இருக்க வேண்டும். டெல்லோவில் ‘முன்னே 100 செ.மீ.’ வகைக் கட்டளை கொடுத்தால் முழுதும் முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். மனிதர் நடுவில் குறுக்கிடுவதை ஆராய்பவர்கள் அந்த வகையைத் தொடவே வேண்டாம். மைனஸ் 100 முதல் 100 வரை வேகம் அனுப்பும் ஆர்சி கட்டளையை இடைவிடாமல் அனுப்பினால் எந்த நொடியிலும் திசை மாற்றலாம்.

டெல்லோவைத் தரையில் இயக்கி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் விளக்கம் சொல்லாதீர்கள். ப்ரொப்பெல்லர் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. சும்மா உட்கார்ந்தால் சூடாகி அணைந்துவிடும். விளக்கம் முடிந்த பிறகு பேட்டரியைப் போடுங்கள்.

தன்னாட்சி அளவுக்கு மூன்று நிலை போதும். ஒன்று, மனிதரே திசையும் வேகமும் தருவது. இரண்டு, ட்ரோன் பரிந்துரைக்கும், மனிதர் ஒப்புதல் தந்தால்தான் போகும். மூன்று, ட்ரோன் போகப்போவதாகச் சொல்லி 3 விநாடி காத்திருக்கும், மனிதர் தடுக்காவிட்டால் போய்விடும். ஷெரிடனும் வெர்ப்லாங்கும் 1978-இல் தன்னாட்சிக்கு வகுத்த பத்து நிலைகளில் பின்னிரண்டும் 5, 6-ஆம் நிலைகள். அவை இரண்டுக்கும் இடையில்தான் சுவாரஸ்யமான வித்தியாசங்கள் கிடைக்கும். மூன்று நிலைகளை வரிசைப்படுத்த 6 வழிகள் உண்டு. ஆகவே பங்கேற்பாளர் எண்ணிக்கை 6-இன் மடங்காக, 18 அல்லது 24 ஆக இருக்கட்டும். அப்போதுதான் பழக்கத்தால் வரும் முன்னேற்றம் எல்லா நிலைக்கும் சமமாகப் பங்காகும்.

பரிந்துரைகளில் சிலவற்றை வேண்டுமென்றே தவறாக வைக்க வேண்டும். பத்துக்கு இரண்டு தவறு என்றால் அந்த இரண்டும் எத்தனையாவதாக வரும் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். முதல் பரிந்துரையே பொய்த்தால் ஒருவர் கடைசிவரை விலகியே நிற்கக்கூடும், எட்டாவதில் பொய்த்தால் மன்னித்துவிடக்கூடும். முடிவில் நான்கு எண்ணிக்கை எடுங்கள்: சரியானதை ஏற்றது, சரியானதை மறுத்தது, தவறானதை ஏற்றது, தவறானதை மறுத்தது. நம்பிக்கைக் கேள்வித்தாளைவிட இந்த நான்கும் நேர்மையாகப் பேசும் என்பது என் உறுதியான கருத்து. ‘நம்புகிறேன்’ என்று 7-க்கு 6 போட்டவர் சரியான பரிந்துரையில் பாதியை மறுத்திருப்பார். மனச்சுமைக்கு 1988-இலிருந்து புழக்கத்தில் உள்ள நாசா டி.எல்.எக்ஸ். என்ற கேள்வித்தாள் அதன் ஆறு அளவுகோல்களோடு போதும். ஒவ்வொரு நிலை முடிந்ததும் உடனே நிரப்பச் சொல்லுங்கள், மூன்றையும் கடைசியில் சேர்த்துக் கேட்டால் நினைவைத்தான் அளப்பீர்கள்.

ஒருவர் எத்தனை ட்ரோனைச் சமாளிக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டாலும் ஒரு ட்ரோன் 20 விநாடி ஒழுங்காக வேலை செய்யும், அதைக் கவனித்துத் திருத்த 8 விநாடி ஆகும் என்றால், 20-ஐ 8-ஆல் வகுத்து 1 கூட்டுங்கள். 3.5 வரும், அதாவது மூன்று. இது மேல்வரம்புதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்ற ஆகும் நேரம் இதில் இல்லை.

பேட்டரி

7 நிமிடம் பறக்கும் என்றால் 4 நிமிடத்தோடு சுற்றை முடியுங்கள். மின்னழுத்தம் இறங்க இறங்க ட்ரோன் மந்தமாகும். ஒவ்வொரு சுற்றும் 4.1 வோல்ட்டுக்கு மேல் தொடங்க வேண்டும், பறக்கும்போது 3.3-ஐத் தொட்டால் அந்தச் சுற்று செல்லாது. ஒருவருக்கு மூன்று நிலை, நிலைக்கு இரண்டு சுற்று என்றால் ஆறு பேட்டரி. அடுத்தவருக்கு ஆறு சார்ஜில் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கும் எண் எழுதி, எந்த நிலைக்கும் ஒரே பேட்டரி திரும்பத் திரும்பப் போகாமல் சுழற்றுங்கள்.

லித்தியம் பாலிமரை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். கால்மணி நேரம் ஆறவிட்டுத்தான் சார்ஜரில் போட வேண்டும். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது அதைக் கொல்வதற்குச் சமம். கோடை விடுமுறைக்கு மூடும்போது 3.8 வோல்ட்டில் நிறுத்தி, மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, பக்கத்தில் தாளோ துணியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாக உப்பினாலும் அந்த பேட்டரியை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள்.

சார்ஜருக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு கொடுத்துவிடுங்கள். சுற்றின் நடுவே கரண்ட் போனால் ட்ரோன் பறந்துகொண்டிருக்கும், ரவுட்டர் போயிருக்கும்.

ஆட்கள்

பங்கேற்பாளர் தலையில் பூவோ தோளில் துப்பட்டாவோ தளர்வாகத் தொங்கினால் பின் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வலைக்குள் யாரும் கால் வைக்க வேண்டாம். ஆய்வாளர் இருவர் கட்டாயம். ஒருவர் பங்கேற்பாளரோடு பேசுவார், மற்றவர் ட்ரோனை மட்டும் பார்த்துக்கொண்டு நிறுத்தும் பொத்தானில் கை வைத்திருப்பார். பேச்சுக் கட்டளை வைத்திருந்தால் மோட்டாரின் கீச்சொலி மைக்கைக் கெடுக்கும், சட்டைக் காலரில் குத்தும் மைக் வாங்குங்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் 27 கிராம் ட்ரோனுக்கும் வேண்டும். அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மார்க் என்று எதையும் பங்கேற்போடு முடிச்சுப் போடக் கூடாது. வேறு வழியில்லாமல் வந்த மாணவர் ‘நம்புகிறேன்’ என்று போடுவதற்கு என்ன பொருள்? இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நம் பகுதியில் நாள் முழுக்க இயந்திரத்தோடு வேலை செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ராணிப்பேட்டை தோல் ஆலைகளிலும் பெல் தொழிற்சாலையிலும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலும் இருப்பவர்கள், எந்த மெஷினை எப்போது நம்பலாம் என்பதைக் கையால் கற்றவர்கள். வகுப்பு மாணவர்களை மட்டும் வைத்து எழுதும் முடிவு அவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. அழைக்கும்போது அவர்களின் ஷிஃப்ட்டுக்கு ஏற்ற நேரம் கொடுங்கள், வந்துபோகும் செலவையும் ஒருநாள் கூலியையும் புராஜெக்ட் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள்.

பதிவு

கிரேஸிஃப்ளை பறக்கும்போது தன் அளவீடுகளைத் தொகுத்து அனுப்பும் ஒரு பதிவுத் தொகுதியில் 26 பைட் அடங்கும், இடைவெளி 10 மில்லி விநாடியின் மடங்கு. 4 பைட் எண் ஆறு வைக்கலாம்: ட்ரோன் இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள், மின்னழுத்தம், தலை திரும்பிய கோணம், தூக்குவிசை. ஏழாவது வேண்டுமென்றால் இன்னொரு தொகுதி போடுங்கள். பொத்தான் அழுத்தம், திரையில் பரிந்துரை தோன்றிய நேரம், ட்ரோன் நிலை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரின் ஒரே கடிகாரத்தில் பதிவாக வேண்டும். இரண்டு லேப்டாப்பின் கடிகாரங்களைப் பின்னால் பொருத்த உட்கார்ந்தால் வாரங்கள் போகும்.

எந்தச் சுற்றை விலக்குவது என்பதை முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். மின்னழுத்தம் 3.3-ஐத் தொட்டது, தாமதம் வரம்பு மீறியது, இடக் கணிப்பு அரை மீட்டருக்கு மேல் தாவியது, அறை வெப்பம் 30 டிகிரி தாண்டியது. இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் அந்தச் சுற்றை, அதில் பங்கேற்பாளர் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், எடுத்துவிட்டு வேறொரு நாள் மறுபடி நடத்துங்கள். விலக்கிய சுற்றுகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் கட்டுரையில் அட்டவணையாகவே போடுங்கள்.